ஒரு ரூபாய் ஆடு: பர்பரியும் வட இந்திய நகரத்துச் சந்துகளும்

அபுல் ஃபஸல் தொகுத்த ஆயின்-இ-அக்பரியில் பண்டங்களின் விலைப்பட்டியல் ஒன்று உண்டு. 1873இல் வெளிவந்த பிளாக்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை அறிவர். கோதுமை, பருப்பு, நெய், காய்கறி என்று நீளும் அந்த வரிசையில் ஆடுகளுக்கும் விலை குறிக்கப்பட்டிருக்கிறது. முதல் தர ஆப்கானியச் செம்மறி 2 ரூபாய். அதற்குச் சில வரிகள் கீழே, பர்பரி வெள்ளாடு முதல் தரம் 1 ரூபாய், இரண்டாம் தரம் முக்கால் ரூபாய். வரலாற்று மாணவர்கள் அந்தப் பட்டியலைத் தானிய விலைக்காகவும் கூலி ஒப்பீட்டுக்காகவும் பலமுறை புரட்டியிருக்கிறார்கள். ஆட்டின் வரியில் அதிகம் பேர் நின்றதில்லை.

நின்று பார்த்தால் ஒரு கணக்கு புலப்படும். அன்று 1 ரூபாய்க்கு 40 தாம். அதே பட்டியலில் ஒரு மணங்கு பால் 25 தாம், ஒரு மணங்கு கோதுமை 12 தாம். அக்பர் கால மணங்கு ஏறத்தாழ 25 கிலோ. பயிற்சியற்ற கூலியாளின் நாட்கூலி 2 தாம் என்று கொண்டால், ஒரு முதல் தரப் பர்பரி ஆடு 20 நாள் உழைப்பின் விலை. 80 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கோதுமையின் விலை. அல்லது 40 கிலோ பாலின் விலை. இன்றைய பர்பரிப் பெட்டை ஓர் ஈற்றில் சுமார் 100 லிட்டர் பால் தருகிறது. இன்றைய அளவை நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஏற்றிப் பார்ப்பது முறையன்று. ஆயினும் அதில் பாதியே கறந்திருந்தாலும், அந்த ஆடு தன் விலையை ஒரே ஈற்றில் பாலாகத் திருப்பித் தந்திருக்கும், குட்டிகள் தனி. நிலமில்லாத ஒருவர் வாங்கக்கூடிய விலையும், ஓராண்டுக்குள் மீளக்கூடிய முதலும் ஒன்றாக அமைந்த கறவை விலங்கு அது.

ஓர் எச்சரிக்கை தேவை. அபுல் ஃபஸல் குறித்த பர்பரியும் இன்று ஆக்ரா, மதுரா, அலிகர், ஏட்டா, எட்டாவா மாவட்டங்களில் அதே பெயரில் வழங்கும் ஆடும் ஒன்றே என்று பெயரை மட்டும் வைத்துச் சாதிக்க இயலாது. 'இனம்' என்பது பதிவேடு, தூய்மை, அளவுக்கட்டு ஆகியவற்றோடு பிறந்த நவீனக் கருத்து. முகலாயக் கணக்கருக்கு 'பர்பரி' என்பது சந்தைப் பெயர். ஆனால் ஒரு சந்தைப் பெயர் அதே கங்கை-யமுனைச் சமவெளியில் இவ்வளவு காலம் தங்கியிருப்பதும், அது எப்போதும் சிறிய, மலிவான ஆட்டைக் குறித்து வந்திருப்பதும் வெறும் தற்செயல் எனத் தோன்றவில்லை.

சோமாலியக் கடற்கரையிலுள்ள பெர்பரா துறைமுகத்திலிருந்து இந்த ஆடு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெயரே அதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுகிறது. உடலமைப்பும் ஓரளவு துணை நிற்கிறது. வட இந்தியாவின் பெயர்பெற்ற கறவை ஆடுகளான ஜம்னாபாரிக்கும் பீட்டலுக்கும் காதுகள் நீண்டு தொங்கும். பர்பரிக்கோ குட்டையான, நிமிர்ந்து நிற்கும் காது. வெண்ணிறத்தில் பழுப்புத் திட்டுகள், பிதுங்கிய கண்கள், கச்சிதமான உடல். மானோடு ஒப்பிடாதவர் குறைவு. கப்பல்களில் பயணம் நெடுகிலும் பாலுக்கும் இறைச்சிக்குமாக ஆடுகளை ஏற்றிச்செல்வது இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் இயல்பாக இருந்தது. இடுக்கமான தளத்தில் கட்டிப்போட்டாலும் தீனி எடுத்து, தவறாமல் பால் தரும் சிற்றுருவ ஆடுகளே அங்குப் பயன்பட்டிருக்கும். கப்பல் தளத்துக்கு ஏற்ற விலங்கு நகரத்துச் சந்துக்கும் ஏற்றதாக அமைந்ததில் வியப்பில்லை.

தமிழ்நாட்டு ஆட்டுக்காரர் வழக்கில் நெடிய கால்களுடையது கொடியாடு, குட்டையானது பள்ளையாடு. அந்தப் பாகுபாட்டில் வைத்தால் பர்பரி ஒரு பள்ளையாடு. பெட்டை 22 முதல் 25 கிலோ, கிடா 35 முதல் 40 கிலோ. அதே எட்டாவா மாவட்டத்தில் யமுனையும் சம்பலும் அரித்த பள்ளத்தாக்குகளுக்கு உரிய ஜம்னாபாரி ஏறத்தாழ இதன் இருமடங்கு. இவ்விரண்டையும் பெரிது-சிறிது என்று மட்டும் பார்ப்பது கால்நடை நூல்களின் பழக்கம். வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. ஜம்னாபாரிக்குப் பள்ளத்தாக்கின் முட்புதர்கள் வேண்டும். நாள் முழுதும் நடந்து, பின்னங்கால்களை ஊன்றி எழுந்து தழையைக் கடித்து உண்ணும் விலங்கு அது. கொட்டிலில் கட்டினால் தேய்ந்துபோகும். பர்பரிக்கு வாசற்படியின் கம்பமே போதும். முன்னது ஆற்றோரத்தின் ஆடு. பின்னது வீட்டின் ஆடு.

வீட்டின் ஆடு என்னும்போது யாருடைய வீடு என்ற வினா எழும். ஆக்ராவிலும் அலிகரிலும் பர்பரியை வளர்த்தவர்கள் பெரும்பாலும் நெசவு, தோல், பூட்டு, செங்கல் எனப் பிற தொழில்களில் இருந்த குடும்பங்கள். ஆட்டிடையர் என்று அவர்களை எந்தக் குடிக்கணக்கும் பதிவுசெய்திருக்காது. ஒன்று, இரண்டு, மிஞ்சினால் ஐந்து ஆடுகள். தீவனத்துக்கென்று தனிச் செலவு கிடையாது. துவரையின் சக்கை, கடலைப் பொட்டு, காய்கறித் தோல், ரொட்டித் துண்டு, சாலையோரத்து வேம்பு, அரசு, இலந்தை, கருவேலம் ஆகியவற்றின் தழை. பெண்களும் சிறுவர்களும் ஒடித்து வருவதே தீவனம். கறப்பதும் பெண்கள். ஒரு வேளைக்கு அரை லிட்டருக்கும் குறைவாக, நாளொன்றுக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை. அதில் குட்டிக்கு விட்டது போக எஞ்சுவது தேநீருக்கும் குழந்தைக்கும் போகும். மிச்சம் இருந்தால் அண்டைவீட்டுக்கு. விற்பனை என்று வெளியே நடந்ததும் பெரும்பாலும் வாசலில்தான்: ஆட்டையே ஓட்டிச் சென்று, வாங்குபவர் கண்முன் அவருடைய பாத்திரத்திலேயே கறந்து கொடுப்பது. தண்ணீர் கலந்தது என்ற வழக்குக்கு இடமில்லாத பால் வணிகம் அது. குளிரூட்டும் நிலையங்களுக்கும் கலப்படச் சட்டங்களுக்கும் முன்பே, நம்பிக்கைச் சிக்கலை ஒரு விலங்கின் உருவளவு தீர்த்து வைத்திருந்தது. எருமையை இப்படிப் படியேற்ற முடியாது.

பணம் என்று கைக்கு வருவது குட்டியில். ஐந்து மாதச் சினை. இரட்டைக் குட்டிகள் இயல்பு, சில வேளை மூன்று. நல்ல பராமரிப்பில் 14, 15 மாதங்களுக்குள் இருமுறை ஈனும். பெட்டைக் குட்டிகளை வைத்துக்கொண்டு கிடாக்களை விற்பர். பக்ரீத்தை நோக்கி ஒன்றிரண்டைத் தனியே ஊட்டி வளர்ப்பதும் உண்டு. அழகிய முகமும் கட்டான உடலும் உள்ள பர்பரிக் கிடாவுக்கு எடையைத் தாண்டிய விலை கிடைக்கும். ஆடு வாங்கவும் வகையற்றவர்களுக்கு 'அதியா' என்னும் ஏற்பாடு இருந்தது. உடையவர் பெட்டையைக் கொடுப்பார், வளர்ப்பவர் பராமரிப்பார், பிறக்கும் குட்டிகளில் பாதிப் பாதி. நம் ஊர்களில் ஆட்டை வாரத்துக்கு விடுவது போன்றதே. கைம்பெண்கள் பலர் இவ்வழியில்தான் முதல் ஆட்டுக்கு உரிமையாயினர். வங்கிக் கடன் என்பது அந்தச் சந்துகளை எட்டுவதற்கு வெகுகாலம் முன்னரே, வட்டியைக் குட்டியாகக் கொடுக்கும் கடன் முறை ஒன்று அங்கு இயங்கி வந்தது எனலாம்.

இத்தனை பயனுடைய ஆட்டின் பால் ஏன் இந்தியப் பால் வரலாற்றில் இடம்பெறவில்லை? தூய்மை, தீட்டு, சாதி மதிப்பு என்ற விடைகள் உடனே நினைவுக்கு வரும். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அதற்கும் அடியில் ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது. அதைக் கருதாமல் பண்பாட்டை மட்டும் காரணம் காட்டுவது பாதி விளக்கமே. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை. மேலே ஆடையாக எளிதில் திரளாதவை. எனவே கடைந்து வெண்ணெய் எடுப்பது கடினம். எடுத்தாலும் வெளிறிய வெண்ணெய், தனி வாடை. அந்த வாடைக்குக் காரணமான அமிலங்களின் அறிவியல் பெயர்களான கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் ஆகிய மூன்றும் வெள்ளாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தவை. இரயிலும் பனிக்கட்டியும் வருமுன் பால் தொலைதூரச் சரக்காக இல்லை, நெய்தான் சரக்கு. கிராமத்தில் உருக்கி, தோற்பையிலோ தகரத்திலோ அடைத்து, மண்டிக்கு அனுப்பியது நெய். வணிகர் முன்பணம் கொடுத்ததும், வரவுசெலவுக் கணக்கில் ஏறியதும், அரசு தரப்படுத்த முனைந்ததும் நெய்யைத்தான். நெய்யாகாத பால் கறந்த நேரத்திலேயே குடிக்கப்பட்டு மறைந்தது. அதற்குத் தரகர் இல்லை. தரகர் இல்லாத இடத்தில் ஆவணமும் இல்லை.

ஆவணத்தில் ஆடு இடம்பெற்றபோது குற்றவாளியாக இடம்பெற்றது. காலனியக் காடுகளின் நிர்வாகம் 1865, 1878 சட்டங்களின் வழியே வலுப்பெற்றபோது, இளங்கன்றுகளைக் கடித்து அழிக்கும் விலங்கு என்ற தீர்ப்பு ஆட்டின்மீது நிலைத்துவிட்டது. மேய்ச்சலுக்கு மாடு அனுமதிக்கப்பட்ட காட்டிலும் ஆட்டுக்குத் தடை. அனுமதி கிடைத்தால் நிபந்தனைகள். 1927ஆம் ஆண்டு இந்தியக் காடுகள் சட்டத்தின் 2ஆம் பிரிவு 'கால்நடை' என்பதற்கு யானையில் தொடங்கித் தரும் பட்டியல் ஆடுகளிலும் ஆட்டுக்குட்டிகளிலும் முடிகிறது. குட்டியையும் தனியே பெயர்சொல்லிச் சேர்த்த அந்தக் கவனம், அதன் பாலை அளப்பதில் ஒருபோதும் காட்டப்படவில்லை. சந்தில் கட்டிக் கிடந்த பர்பரி காட்டுக்குள் போனதே இல்லை. எனினும் ஆடு என்ற பொதுப்பெயரின்மீது விழுந்த பழி அதற்கும் சேர்ந்தது. வளர்ச்சித் திட்டங்களில் ஆட்டுக்குப் பணம் ஒதுக்குவதைச் சூழலியல் வாதத்தால் தடுப்பது சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. சி. ஹெச். ஹனுமந்த ராவ் தலைமையிலான பணிக்குழு 1987இல் தந்த அறிக்கையில்தான், நிலச்சீரழிவுக்கு ஆட்டைத் தனியே பொறுப்பாக்க முடியாது என்ற நிலைப்பாடு அரசு ஆவணமொன்றில் தெளிவாக இடம்பெற்றது.

ஆட்டுப்பாலுக்குப் புகழ் கிடைத்ததும் ஒரு விந்தையான வழியில்தான். காந்தியடிகள் 1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டொழிப்பதாக உறுதி பூண்டார். 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள்திரட்டும் பணியின்போது கடும் வயிற்றுக்கடுப்பில் வீழ்ந்தார். உடல் தேறப் பால் இன்றியமையாதது என்று மருத்துவர் வற்புறுத்தியபோது, உறுதி பூண்ட வேளையில் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று வழிகாட்டியவர் கஸ்தூரிபா. சொல்லைக் காத்து உட்பொருளை இழந்துவிட்டதாக அவர் தன்வரலாற்றில் வருந்துகிறார். அந்த வருத்தத்தை வாசிப்போர் பலர் கஸ்தூரிபாவின் சொல்லில் இருந்த நடைமுறை அறிவைக் கவனிப்பதில்லை. பசு, எருமை என்ற இரண்டை மட்டுமே 'பால்' என்ற சொல் குறித்தது என்பதை, அதாவது ஆட்டுப்பால் ஒரு மூத்த தலைவரின் உறுதிமொழியிலும் நினைவுக்கு வராத பாலாக இருந்தது என்பதை, அவர்தான் எடுத்துக்காட்டினார்.

அதன்பின் ஆடு காந்தியின் அடையாளமாயிற்று, கேலிச்சித்திரங்களுக்கு உதவிற்று. 'ஏழையின் பசு' என்ற தொடரும் அவர் பெயரோடு இணைந்து பரவியது. ஆயின் அவர் முன்னின்று 1925இல் உருவாக்கிய அமைப்பு பசுப் பாதுகாப்புக்கானது. ஆட்டுப்பால் குடித்தவர் அமைப்பு கட்டியது பசுவுக்கு. அவர் நோயுற்று வீழ்ந்த அதே கேடா மாவட்டத்தில் 1946இல் தோன்றிய பால் உற்பத்தியாளர் ஒன்றியம் எருமைப்பாலைக் கொண்டே வளர்ந்தது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அதன் அமைப்பை நாடெங்கும் கொண்டுசென்றது: கிராமச் சங்கம், காலை மாலை கொள்முதல், கொழுப்புக்கு ஏற்ற விலை. முக்கால் லிட்டரில் பாதியைக் குட்டிக்கு விட்ட பெண்ணிடம் சங்கத்துக்குக் கொண்டுசெல்ல என்ன இருக்கும்? தனிக் கேன், தனி வாடை, தனிப் பதப்படுத்தல் என்று சங்கத்துக்கும் அது சுமை. யாரும் தீய எண்ணத்தோடு ஒதுக்கவில்லை. அமைப்பின் அலகே அவளுடைய அலகைவிடப் பெரிதாக இருந்தது.

இனப்பெருக்க ஆய்வின் கதையும் இதனோடு ஒத்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கிளம்பிய கப்பல்களில் பாலுக்காக ஏற்றப்பட்ட பெரிய ஆடுகள் இங்கிலாந்தில் இறங்கின. 1879இல் தோன்றிய பிரிட்டிஷ் ஆட்டுச் சங்கம் 1910இல் ஆங்கிலோ-நூபியனுக்குத் தனிப் பதிவேடு திறந்தபோது, அந்த இனத்தின் குருதியில் ஜம்னாபாரியும் கலந்திருந்தது. டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவுக்கும் அது சென்றது. அங்கு அதன் வழித்தோன்றல்கள் இன்றும் 'எட்டாவா' என்ற ஊர்ப்பெயரால் அழைக்கப்படுகின்றன. பெரியது கண்ணில் பட்டது, கடல் கடந்தது, பெயர் பெற்றது. சொந்தப் பள்ளத்தாக்கில் எண்ணிக்கை அருகியது. சுதந்திர இந்தியாவின் ஆய்வும் பெரிதையே நாடியது. கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பீட்டலோடு ஐரோப்பிய ஆல்பைன், சானென் கிடாக்களைக் கலந்து பாலளவைக் கூட்டும் முயற்சிகள் நடந்தன. ஆராய்ச்சிக் கொட்டிலில் பால் கூடியது. அந்த ஆட்டுக்கு வேண்டிய தீவனம் சந்து வீட்டில் இல்லை.

1979இல் மதுராவுக்கு அருகே மக்தூமில் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. பர்பரிக்கு அது திருப்பம். சொந்த மண்ணிலேயே அதன் ஈற்று இடைவெளி, இரட்டைக் குட்டி விழுக்காடு, கொட்டில் தீவனத்தில் வளர்ச்சி ஆகியவை ஆண்டுதோறும் பதிவாயின. ஒரு கிலோ உடலெடைக்கு எவ்வளவு பால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு எத்தனைக் குட்டி என்று கேட்கத் தொடங்கிய பிறகே, சிறுமை என்று எண்ணப்பட்டது ஒரு தகுதியாகத் தெரிந்தது. வங்கத்துக் கறுப்பு ஆடும் சிற்றுருவம்தான். ஆனால் அது இறைச்சிக்கும் தோலுக்கும் பேர்போனது, பால் சொற்பம். சிறிதாக இருந்தும் கறவையாக இருப்பதுதான் பர்பரியின் தனித்தன்மை.

இந்தச் சிற்றளவுப் பொருளாதாரத்துக்குக் காப்பீடு இருந்ததில்லை. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் அறியப்பட்டது 1987இல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில். அடுத்த சில ஆண்டுகளில் வடக்கேயும் பரவியது. மூன்று ஆடுகள் உள்ள வீட்டில் ஒரே வாரத்தில் மூன்றும் மடியும். சேமிப்பு, பால், அடுத்த ஆண்டுக் குட்டி அனைத்தும் ஒருசேரப் போகும். அரசூர் வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இமாசலத்தின் சுங்ரி வகையிலிருந்து மற்றொன்றை உருவாக்கியது. ஒரு பர்பரிப் பெட்டையின் ஆயுளை நீட்டியதில் எந்தக் கலப்பினத் திட்டத்தையும்விட இவற்றின் பங்கு பெரிது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 14.88 கோடி வெள்ளாடுகள். 2012ஐவிட ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுதி. மொத்தப் பால் உற்பத்தியில் ஆட்டின் பங்கு சுமார் 3 விழுக்காடு எனக் கணக்கிடப்படுகிறது. டெங்கு பரவும் மாதங்களில் மட்டும் தில்லியில் ஆட்டுப்பால் திடீரென்று தேடப்படும் பொருளாகி லிட்டர் பல நூறு ரூபாய்க்கு ஏறும். தட்டணுக்களை அது கூட்டும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. காய்ச்சல் பருவம் முடிந்ததும் விலையும் தேடலும் ஒன்றாக இறங்கிவிடும்.

அமெரிக்காவில் நைஜீரியக் குள்ள ஆடு சிறுபண்ணைகளின் செல்லமாகி, கறவை இனமாகவும் ஏற்கப்பட்டு, வம்சாவளிச் சான்றோடு விற்கப்படுகிறது. பர்பரிக்கும் இன்று அத்தகைய சந்தை உருவாகியிருக்கிறது: சந்துக்கு வெளியே, நெடுஞ்சாலையோரத்துப் பண்ணைகளில், பரண் கொட்டில்களில், கைப்பேசிக் காணொளிகளின் வழியாக. விற்பவர்கள் இனத்தூய்மையைச் சொல்கிறார்கள். வாங்குபவர்கள் உயிரெடையைக் கேட்கிறார்கள். எடைக்கு விலை என்றானபின், கிடாத் தேர்வில் பெரிய உடலே முந்துகிறது. எடை கூட்டச் சிரோகியோடும் ஜம்னாபாரியோடும் கலக்கிறார்கள். குட்டி விரைவில் கொழுக்க வேண்டும் என்பதால் பால் முழுவதும் குட்டிக்கே விடப்படுகிறது. கறக்காத பெட்டையின் பால்வளத்தை யாரும் அறிவதில்லை. அறியாத குணத்தைத் தேர்ந்தெடுக்கவும் முடிவதில்லை. ஆயின் பட்டியலில் 1 ரூபாய், முக்கால் ரூபாய் என்று தரம் பிரித்த கணக்கருக்கு எடைக்கல் மட்டுமே அளவுகோலாக இருந்திருக்குமா என்பது ஆராயத்தக்கது. இன்றைய சந்தையில் அந்த இரண்டாவது அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர்கள் அலிகரின் சந்துகளில் விடியலில் குந்தி உட்கார்ந்து தேநீருக்கு அரைக் குவளை கறக்கும் பெண்களே. அவர்களுக்கு எந்தப் பெட்டையின் மகள் எத்தனை நாள் மடி வற்றாமல் இருந்தாள் என்பது மூன்று தலைமுறைக்கு நினைவிருக்கும். மக்தூமின் பதிவேடுகள் நிறுவனத்தின் மந்தையை அறியும்; அந்தப் பெண்களின் கணக்கு இன்னும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.